தொகையைக் கேட்டு நடுங்காதே

பதினைந்து லட்சம் ரூபாய். நம் ஊரில் எத்தனையோ பிள்ளைகளின் வெளிநாட்டுப் படிப்பு இந்தத் தொகையைச் சொன்ன மாத்திரத்தில் முடிந்துபோகிறது. பல்கலைக்கழகம் இடம் இல்லை என்று சொல்லும் முன்பே, விசா அதிகாரி ஒரு கேள்வி கேட்கும் முன்பே, வீட்டுக் கூடத்திலேயே பேச்சு அடங்கிவிடுகிறது. அப்பா எழுந்து வாசலுக்குப் போகிறார். அம்மா அடுப்படிக்குள் போய்விடுகிறாள். உட்கார்ந்திருக்கும் சித்தப்பா, "விரலுக்கேத்த வீக்கம் வேணும்ப்பா" என்கிறார். அதோடு சரி. நீயும் வாங்கி வைத்த விண்ணப்பங்களை மூடி வைத்துவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போகிறாய்.

தம்பி, தங்கையே, நான் உன்னைக் கேட்கிறேன். அந்தப் பதினைந்து லட்சத்தை நீ ஒருநாளாவது பிரித்துப் பார்த்தாயா? எதற்கு எவ்வளவு, எது திரும்பி வரும், எது போனால் போனதுதான், எதை முதல் நாளே கட்ட வேண்டும், எதை இரண்டு வருடம் கழித்துக் கட்டலாம் என்று ஒரு தாளில் எழுதினாயா? எழுதியிருந்தால் நீ இப்படி ஒடுங்கிப் போயிருக்க மாட்டாய். முழுத்தொகையாக நிற்கும்வரை பணம் பூதம்தான். கூறு போட்டுப் பார்த்தால் அதன் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பதில் இருக்கிறது.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இன்று இந்தியர்கள்தான் அதிகம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. பருவத்துக்கு ஒருமுறை சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை மட்டும். "ஜெர்மனியில் எல்லாம் இலவசம்" என்று யாராவது சொன்னால் அப்படியே விழுங்கிவிடாதே. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வைத்துவிட்டது. தனியார் பல்கலைக்கழகங்கள் லட்சக்கணக்கில் வாங்குகின்றன. ஆகவே நீ விண்ணப்பிக்கும் ஒவ்வொரு படிப்பின் கட்டண விவரத்தையும் அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நீயே வாசி. கன்சல்டன்சிக்காரர் சொன்னார் என்பது ஆதாரம் ஆகாது. அரசுப் பல்கலைக்கழகத்தில் உன்னைச் சேர்த்தால் அவருக்குப் பொதுவாகக் கமிஷன் வராது, தனியாரில் சேர்த்தால் வரும். அவர் எந்தப் பக்கம் உன்னைத் தள்ளுவார் என்று உனக்கே தெரியும்.

சரி, கட்டணம் இல்லையென்றால் பதினைந்து லட்சம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் கவனி. விசா கேட்கும்போது ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உன்னிடம் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். பிளாக்டு அக்கவுண்ட் என்று நம் பிள்ளைகள் சொல்வது அதைத்தான். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 11.9 லட்சம். கேட்டவுடன் நெஞ்சு அடைக்கிறது, இல்லையா? ஆனால் இந்தப் பணம் யாருக்கும் கட்டணமாகப் போவதில்லை. உன் பெயரிலேயே இருக்கிறது. நீ அங்கே போய்ச் சேர்ந்ததும் மாதம் 992 யூரோ வீதம் உன் கைக்கே வருகிறது. விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பி வந்துவிடும். அதாவது அந்தப் பதினைந்து லட்சத்தில் கிட்டத்தட்ட பன்னிரண்டு லட்சம், நீயே உண்டு, நீயே உடுத்தி, நீயே ஒரு கூரைக்குக் கீழே தூங்குவதற்கான முன்பணம். மீதி மூன்று லட்சத்துக்குள் விமான டிக்கெட், ஆங்கிலத் தேர்வு, உன் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் 18,000 ரூபாய் ஏ.பி.எஸ். சான்றிதழ், 75 யூரோ விசாக் கட்டணம், முதல் பருவப் பங்களிப்பு, அறைக்கான அட்வான்ஸ் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து முடிக்கலாம்.

இப்போது அந்தத் தொகையைத் திரும்பப் பார். பூதத்தின் உயரம் குறைந்ததா?

இன்னும் குறைக்கலாம். எந்த ஊரில் படிக்கிறாய் என்பது எந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாய் என்பதற்குச் சமமான கேள்வி. மியூனிக்கில் ஓர் அறைக்கு ஒரு மாதம் கொடுக்கும் வாடகையில் கெம்னிட்ஸிலோ மாக்டேபர்கிலோ இரண்டு மாதம் ஓட்டலாம். பெயர் தெரிந்த நகரம் என்பதற்காக ஆசைப்படுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சொந்தக்காரர்கள் கேட்டால் "மியூனிக்" என்று சொல்லும் பெருமைக்கு மாதம் நானூறு யூரோ விலை கொடுக்கிறார்கள். சிறு ஊருக்குப் போ. இடம் உறுதியானவுடன், விசாவுக்குக் காத்திருக்காமல், மாணவர் நல அமைப்பின் விடுதிக்குப் பெயர் கொடுத்துவிடு. வரிசை நீளம், முந்தியவருக்கே அறை.

அடுத்தது கடன். கடன் என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் ஒரு நடுக்கம் இருக்கிறது. கந்துவட்டிக்காரன் வாசலில் நின்று கத்தியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறையின் நடுக்கம் அது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கல்விக்கடன் வேறு சாதி. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை தொடங்காது. திருப்பிக் கட்டப் பதினைந்து வருடம் வரை அவகாசம் உண்டு. வீட்டுப் பத்திரம் இருக்கிற குடும்பம் அதைக் காட்டிப் பதினைந்து லட்சம் வாங்கலாம். பத்திரம் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்வது?

உனக்குத்தான் நான் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். கேள். இளநிலை முடித்த கையோடு பறக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டு வருடம் வேலைக்குப் போ. மாதம் இருபதாயிரம் ஒதுக்கு. உடன் வேலை பார்க்கிறவன் இ.எம்.ஐ.யில் புல்லட் வாங்குவான், வாங்கட்டும். இரண்டு வருடத்தில் உன்னிடம் 4.8 லட்சம் இருக்கும். அடமானம் இல்லாத கடன் 7.5 லட்சம். சேர்த்தால் 12.3 லட்சம். மீதி 2.7 லட்சம்தான் குடும்பம் புரட்ட வேண்டியது. பதினைந்து லட்சம் எங்கே, 2.7 லட்சம் எங்கே! அந்த இரண்டு வருடமும் வீண் போகாது. மாலையில் ஜெர்மன் கற்றுக்கொள். வேலை அனுபவமும் மொழியும் உள்ளவனுக்கு அங்கே துறை சார்ந்த பகுதிநேர வேலை கிடைக்கும். இரண்டும் இல்லாதவன் கிடங்கில் பெட்டி தூக்குவான். பெட்டி தூக்குவதும் கௌரவமான வேலைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் உன் மூளைக்குச் சம்பளம் தருகிற வேலை இருக்கும்போது முதுகை ஏன் விற்க வேண்டும்?

வட்டியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் சறுக்கும் இடம் இதுதான். பத்து சதவீத வட்டியில் பதினைந்து லட்சம் வாங்கி, "இப்போது கட்ட வேண்டியதில்லை" என்று மூன்று வருடம் சும்மா இருந்தால் 4.5 லட்சம் வட்டி தலையில் ஏறிவிடும். 19.5 லட்சத்துக்குப் பத்து வருடத் தவணை போட்டால் மாதம் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல். அதே கடனுக்குப் படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால் தவணை இருபதாயிரத்துக்குள் நிற்கும். நான் சொன்ன 7.5 லட்சக் கடன் என்றால் மாத வட்டி 6,250 ரூபாய். அங்கே அறுபத்து மூன்று யூரோ! ஐந்து மணி நேர வேலை. மாதத்தில் ஐந்து மணி நேர உழைப்பை இதற்கென்று ஒதுக்கினால், படிப்பு முடியும்போது நீ வாங்கிய அசல் ஒரு ரூபாய்கூட ஊதாமல் அப்படியே இருக்கும். அதன் பிறகு தவணை மாதம் பத்தாயிரத்துக்குள். இதற்கா நீ பயந்தாய்?

வேலை என்றேன். மாணவர் விசாவில் ஜெர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்யலாம். 2024 மார்ச் வரை அது 120 நாளாகத்தான் இருந்தது. குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. வாரம் இருபது மணி நேரம் என்றால் நான்கு வாரத்தில் 1,112 யூரோ. சிக்கனமான ஊரில் ஒரு மாதத்தை ஓட்ட அது போதும். ஆனால் போய் இறங்கிய மறுநாளே வேலை கிடைத்துவிடும் என்று கணக்குப் போடாதே. முதல் ஆறு மாதம் சம்பளம் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடு. அதற்குத்தான் மாதம் 992 யூரோ உன் கணக்கில் வருகிறது. இரண்டாம் வருடத்துக்கு விசாவை நீட்டிக்கும்போது மறுபடியும் உன் செலவுக்கு வழி காட்டச் சொல்வார்கள். அதற்குள் சம்பளமும் சேமிப்பும் கையில் இருக்க வேண்டும்.

கூலி ஆசையில் புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து எனக்குக் கோபமே வருகிறது. அங்கே பொதுவாக ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதும் போனால், அந்தப் பாடத்தை அந்த நாட்டில் வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாத நிலை வரலாம். நாற்பது யூரோ கூலிக்காகத் தேர்வுக்கு முதல் நாள் இரவுப் பணிக்குப் போகிறவன், பதினைந்து லட்சத்தைப் பணயம் வைத்து நாலாயிரம் சம்பாதிக்கிறான். தேர்வு மாதத்தில் வேலையை நிறுத்து. அரிசியும் பருப்பும் ரசமும் போதும். அந்த மாதத்தைக் கடந்துவிடலாம்.

உதவித்தொகைகளைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு: அதெல்லாம் மேதைகளுக்கு. யார் சொன்னது? ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தில் கட்டணமும் கிடையாது, மாதம் 1,400 யூரோவும் தருகிறார்கள். இந்திய மாணவர்கள் ஆண்டுதோறும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஜெர்மனியின் 'டாய்ச்லாண்ட்ஸ்டிபெண்டியம்' மாதம் 300 யூரோ, அதற்கு எந்த நாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம், அப்பாவின் வருமானத்தையும் கேட்பதில்லை. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 இடங்களை வைத்திருக்கிறது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானவை அவை. தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை தருகிறது. இந்த இடங்களில் ஒன்றுக்குக்கூட விண்ணப்பம் எழுதாமல் "எனக்கெல்லாம் எங்கே கிடைக்கும்" என்று நீ சொன்னால், உன்னை நிராகரித்தது அரசு அல்ல, நீதான்.

அம்பேத்கர் என்றேன். அவர் படித்த வரலாற்றைப் பணத்தின் பக்கமிருந்து ஒருமுறை படித்துப் பார். 1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாதம் பதினொன்றரை பவுன், மூன்று வருடத்துக்கு. பதிலுக்குப் பத்து வருடம் பரோடா அரசில் வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அங்கிருந்து லண்டன் போய்ப் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். 1917-இல் உதவித்தொகைக் காலம் தீர்ந்தது. பாதிப் படிப்பில் கப்பல் ஏற வேண்டியதாயிற்று. திரும்பி வந்த மனிதருக்குப் பரோடாவில் தங்க ஓர் அறை கொடுக்க ஆள் இல்லை, சாதியைச் சொல்லி விரட்டினார்கள். வேறொருவராக இருந்தால் அத்தோடு லண்டனை மறந்திருப்பார். அவர் பம்பாயின் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார். நவல் பதேனா என்ற பார்சி நண்பர் கடன் கொடுத்தார். 1920-இல் மீண்டும் லண்டன் போய், விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். 1923-இல் டி.எஸ்சி. பட்டம். அந்த ஆய்வின் பொருள் என்ன தெரியுமா? ரூபாயின் சிக்கல்!

உதவித்தொகை, ஒப்பந்தம், இடைநிறுத்தம், வேலை, சேமிப்பு, நண்பரின் கடன், மறுபடியும் படிப்பு. நூறு வருடத்துக்கு முன், தீண்டாமையின் நடுவே, ஒரு மனிதர் இத்தனை படி ஏறியிருக்கிறார். உன் பணம் நடுவில் தீர்ந்துபோனால் மானம் போய்விடாது. திரும்பி வா, சம்பாதி, மறுபடி போ. ஊர் பேசும். ஊருக்கு வேறு வேலை என்ன?

கேரளத்தின் உழவூரில் ஓலைக் குடிசையில் பிறந்த கே. ஆர். நாராயணன் 1945-இல் அதே லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனது டாட்டா அறக்கட்டளையின் உதவியில். ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892-இல் தொடங்கிய அந்த அறக்கட்டளை இன்றும் இந்திய மாணவர்களுக்குக் கடன் உதவித்தொகை தந்துகொண்டிருக்கிறது. கடன் வாங்கிப் படித்த அந்த மனிதர் இந்தியாவின் குடியரசுத் தலைவர் ஆனார். "நான் போய்விட்டால் வீட்டை யார் பார்ப்பது" என்று தயங்குகிறாயா? 1914-இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கிளம்பியபோது சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்தது வருடம் 250 பவுன். அதில் 50 பவுன் இங்கே குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. வீட்டுச் செலவையும் உன் திட்டத்தில் ஒரு வரியாக எழுது. எழுதினால் அதுவும் ஓர் எண்தான்.

ஒரே ஒரு காரியத்தை மட்டும் செய்யாதே. இதைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். ஷோ மணி வாங்காதே. "பத்து லட்சத்தை ஒரு மாதம் உங்கள் அக்கவுண்டில் போட்டு எடுக்கிறோம், கமிஷன் மட்டும் கொடுங்கள்" என்று ஒருவன் வருவான். போலி வங்கிக் கடிதம் தருகிறேன் என்று இன்னொருவன் வருவான். விரட்டு. பிரிட்டன் விசாவில் பொய் ஆவணம் பிடிபட்டால் பத்து வருடம் உள்ளே விடமாட்டார்கள். அமெரிக்காவில் பொய் சொல்லி மாட்டினால் ஆயுளுக்கும் அந்தப் பெயர் உன்னோடு வரும். தப்பித்துப் போய்விட்டாலும், இரவல் பணம் மறுமாதம் திரும்பிவிடும். நீ யாரும் தெரியாத ஊரில் வெறும் பையோடு நிற்பாய். வாடகைக்காகச் சட்டம் அனுமதித்த நேரத்துக்கு மேல், ரொக்கக் கூலிக்கு, பயந்து பயந்து வேலை செய்வாய். அந்த வாழ்க்கைக்கா நீ இத்தனை வருடம் படித்தாய்? ஒரு வருடம் தாமதமானாலும் உண்மையான பணத்தோடு போ. விசா அதிகாரி "இந்தப் பணம் எப்படி வந்தது" என்று கேட்கும்போது, "இவ்வளவு நான் சம்பாதித்தது, இவ்வளவு வங்கிக் கடன், இவ்வளவு அப்பா கொடுத்தது" என்று கண்ணைப் பார்த்துச் சொல்கிறவனின் குரலில் ஒரு கம்பீரம் இருக்கும். அந்தக் கம்பீரத்தை எந்தக் கன்சல்டன்சியும் விற்க முடியாது.

அப்பா, அம்மாக்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. பெண் பிள்ளை என்றால் "கல்யாணத்துக்கு வைத்திருக்கிற பணம்" என்று இழுக்கிறீர்கள். நகைக்கும் மண்டபத்துக்கும் பத்து லட்சம் கரைக்கத் தயாராக இருக்கிற வீடு, அதே பெண்ணின் படிப்புக்கு மூன்று லட்சம் எடுக்க யோசிப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. அதே நேரத்தில், இருக்கிற ஒரே வீட்டை விற்று, பெயர் தெரியாத கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். அந்தப் பட்டத்துக்கு அங்கே யாராவது வேலை கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பிள்ளையை விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஜெர்மனி படிப்பு முடித்தவருக்கு வேலை தேடப் பதினெட்டு மாதம் தருகிறது. அந்தப் பதினெட்டு மாதத்தில் வேலை வாங்கித் தரக்கூடிய படிப்பா என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

தம்பி, தங்கையே, இன்றைக்கு ராத்திரியே கணக்கை எழுது. நாளைக்கு வித்யாலட்சுமி இணையதளத்தில் கடன் விண்ணப்பத்தைப் போடு. மறுநாள் வங்கிக்குப் போ. மதிப்பெண் பட்டியல், சேர்க்கைக் கடிதம், நீ எழுதிய செலவுக் கணக்கு மூன்றையும் ஒரே கோப்பில் கொண்டுபோ. "உங்க ஏரியா எங்க கிளைக்கு வராது" என்பார்கள். குடியிருப்பு கிளையின் சேவைப் பகுதிக்குள் இல்லை என்று காரணம் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என ரிசர்வ் வங்கி 2012-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. மரியாதையாக எடுத்துச் சொல். "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். அடுத்த வாரம் போ. முடியாது என்றால், "காரணத்தை எழுத்தில் கொடுங்க சார்" என்று கேள். கேட்டுவிட்டு, எழுதித் தரும்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே.